பித்தளையில் ஒரு ஒய்பி எஞ்சின்

மீட்டர் கேஜ் பாதையில் பயணிகள் வண்டியை இழுத்த ஒய்பி நீராவி எஞ்சினின் பெரிய சக்கரம் 1372 மி.மீ. விட்டம். என் மேஜை மேல் நிற்கும் மாடல் ஒய்பியின் சக்கரம் 21.4 மி.மீ. முன்னதை 64-ஆல் வகுத்தால் பின்னது வரும். சிலிண்டர், பாய்லர், நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர், டிரைவர் நிற்கும் கூண்டின் ஜன்னல் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஏன் 64 என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்ட நினைக்கிறவர்கள் பலர் இங்கேயே குழம்பி நின்றுவிடுகிறார்கள்.

உலகம் முழுக்க அதிகம் புழங்கும் மாடல் ரயில் அளவு எச்.ஓ. அதாவது 1:87. அதன் தண்டவாளம் 16.5 மி.மீ. அகலம். அது 1435 மி.மீ. அகலமுள்ள ஸ்டாண்டர்டு கேஜுக்கு ஒத்துவரும். நம் பக்கத்துப் பழைய வண்டிகள் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளத்தின் அகலம் ஒரு மீட்டர். 1:87-இல் ஒரு மீட்டர் 11.5 மி.மீ. ஆகிவிடும், அதற்கு 12 மி.மீ. தண்டவாளத்தைத் தேடி அலைய வேண்டும். அதற்குப் பதிலாக எஞ்சினை 1:64-இல் கட்டினால் ஒரு மீட்டர் 15.6 மி.மீ. வரும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்திலேயே ஓட்டலாம். முக்கால் மி.மீ.க்குச் சற்று மேல் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினும் கைக்கு அடக்கமாகக் கொஞ்சம் பெரிதாக வரும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது பெரிய உபகாரம்.

ஒய்பியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஊர்ப்பாசம், எங்கள் காரைக்குடிப் பாதையில் ஓடிய எஞ்சின் அது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்குப் போகும் பாதை 1930-இல் முழுமையானது. சுதந்திரத்துக்குப் பிறகு மீட்டர் கேஜ் பயணிகள் வண்டிகளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட எஞ்சின் இந்த ஒய்பி. 1949 முதல் 1970 வரை 871 எஞ்சின்கள் கட்டினார்கள். வெளிநாட்டில் செய்து வந்தவையும் உண்டு, ஜாம்ஷெட்பூரில் டெல்கோ செய்தவையும் ஏராளம். அதன் உடன்பிறப்பு ஒய்ஜி சரக்கு வண்டிக்கானது, சக்கரம் 1219 மி.மீ. அவையும் போய்விட்டன, பாதையும் அகலமாகிவிட்டது. இன்று செட்டிநாடு ஸ்டேஷனில் நின்றால் அகலப் பாதை வண்டிதான் வரும்.

காரைக்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மின்சாரமும் சால்டரிங்கும் எனக்குப் பழக்கம். மெல்லிய தகட்டு வேலை பழக்கமில்லை. அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பத்தர். செட்டிநாட்டுக் கல்யாண நகையான கழுத்திரு செய்கிற கை அது. ஒன்றுக்கொன்று ஜோடி சேர வேண்டிய உருப்படிகளைக் காலம் முழுக்கச் செய்தவர். நான் வெர்னியரில் பாயின்ட் ஜீரோ டூ வரை அளந்து அளந்து கோடு போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டையும் தனித்தனியா அளந்து செஞ்சா ரெண்டு தப்பு வரும் தம்பி. ஒண்ணச் செஞ்சு, அத வச்சே இன்னொண்ணச் செய்யுங்க. ஒரு தப்புதான் வரும். அதுவும் ரெண்டுலயும் ஒரே தப்பா இருக்கும், பொருந்திரும்."

இந்த வேலையில் எனக்குக் கைகூடியது எல்லாம் இந்த ஒரு பேச்சில் அடங்கும். மீதியை அதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

படம் பற்றி. ரயில்வே வைத்திருந்த எஞ்சின் டயகிராம்களில் முக்கியமான அளவுகள் இருக்கும். கைப்பிடிக் கம்பி எங்கே வளைகிறது, குழாய் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்பதெல்லாம் அதில் இருக்காது. அதற்குப் புகைப்படம்தான். திருச்சி ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய நீராவி எஞ்சினைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வகை வேறாக இருந்தாலும் ஒரு வால்வு, ஒரு படிக்கட்டு, ஒரு ரிவெட் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்ற புத்தி வந்துவிடும். படம் எடுக்கும்போது தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்தால் நடுப்பகுதி உப்பித் தெரியும், அதிலிருந்து அளவு எடுக்க முடியாது. புகைப்படத்தில் தெரிந்த அளவு ஒன்றை வைத்து மற்றதைக் கணக்கிடும்போது சக்கர விட்டத்தை நம்ப வேண்டாம். ஓடி ஓடி டயர் தேயும், லேத்தில் கடைவார்கள், விட்டம் குறையும். ஆக்ஸிலுக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம் எந்தக் காலத்திலும் மாறாது. அதுதான் உங்கள் அளவுகோல்.

இனி சேஸிஸ், அதாவது சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் பிரேமும் சேர்ந்த அடிப்பாகம். நிறையப் பேர் பாய்லரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கும் என்று. வேண்டாம். ஓடாத எஞ்சினுக்கு மேல் எவ்வளவு அழகாகப் பாய்லர் கட்டினாலும் அது ஷோகேஸ் பொம்மைதான். சேஸிஸ் தானாக உருண்டு ஓடிய பிறகுதான் மேலே ஒரு தகடு வெட்ட வேண்டும்.

சேஸிஸில் முதலில் செய்ய வேண்டியது பிரேம் இல்லை, கப்ளிங் ராடு. மூன்று பெரிய சக்கரங்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் கம்பி அது. இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டு பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஈயத்தால் ஒட்டி, ஒரே துண்டாக்கி, மூன்று துளைகளைச் சிறிதாகப் போட வேண்டும். பிரித்தால் இரண்டு ராடும் ஒரே அச்சு. அப்புறம் பிரேம் தகடு இரண்டையும் அதே மாதிரி ஒட்டிவைத்து, ராடை அதன் மேல் பிடித்து, ராடின் துளை வழியாகவே பிரேமிலும் துளை போட வேண்டும். பிறகு பிரேமின் துளையை ஆக்ஸில் அளவுக்கும், ராடின் துளையை, சக்கரத்தில் ராடு மாட்டும் ஆணியான கிராங்க் பின் அளவுக்கும் ரீமரால் விரிக்கலாம். இடைவெளி படத்தில் உள்ளதைவிட ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை, ராடிலும் பிரேமிலும் அதே அளவுதான் கூடியிருக்கும். தனித்தனியாக அளந்து துளைத்தால் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் இறுகும். பிறகு எந்தத் துளையை இழைத்துச் சரிசெய்வது என்று கண்டுபிடிப்பதற்குள் எல்லாத் துளையும் கோழிமுட்டை மாதிரி ஆகியிருக்கும்.

பிரேமுக்கு 18 கேஜ் பித்தளைத் தகடு போதும், 1.2 மி.மீ. வரும். ஆக்ஸில் நேராகத் தகட்டில் சுற்றினால் சீக்கிரம் தேய்ந்துவிடும், புஷ் என்கிற சிறு உள்வளையம் போடுங்கள். இரண்டு பிரேம்களையும் குறுக்குத் துண்டுகளால் இணைக்கும்போது தடித்த கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஆத்தங்குடியில் டைல்ஸ் வார்க்கிறவர்களும் கண்ணாடி மேல்தான் வார்க்கிறார்கள். மட்டத்துக்கு அதைவிட மலிவான சமாசாரம் கிடையாது. நடு ஆக்ஸிலுக்கு மட்டும் மேலும் கீழும் ஒரு மயிரிழை ஆட்டம் விடுங்கள், பக்கவாட்டில் இன்னும் கொஞ்சம் தாராளமாக. வளைவில் திரும்ப அது வேண்டும். முன்னால் இருக்கும் நான்கு சிறு சக்கரங்கள் வளைவில் சிலிண்டரின் பின்பக்கத்தில் முட்டும். சிலிண்டரை அரை மி.மீ. வெளியே தள்ளிவைப்பதா, வளைவைப் பெரிதாக்குவதா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் வளைவைப் பெரிதாக்கினேன். ரயில் செட்டுகளில் சேர்த்து விற்கும் 18 அங்குல ஆரமுள்ள வளைவில் இந்த நீளத்து எஞ்சினை ஓட்டுவது அதற்குச் செய்கிற துரோகம்.

சக்கரம்தான் நம் ஊரில் பெரிய தலைவலி. இந்த அளவுக்கு ரெடிமேடாகக் கிடைக்காது. பம்ப் ஷாஃப்ட் கடையும் லேத் பட்டறையில் இரும்பு வளையம் கடைந்து வாங்கினேன். ஆரக்கால்கள் உள்ள நடுப்பகுதியை த்ரீ-டி பிரின்டில், ரெசினில் எடுத்தேன். ரெசின் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகாமல் தானாகவே காப்பு கிடைத்துவிடும். லேத்காரரிடம் வாயால் சொன்னால் வேலைக்கு ஆகாது. ஒரு எச்.ஓ. சக்கரத்தையே கையில் கொடுத்து, "இந்த ஓரம் இப்படியே வேணும்ணே, விட்டம் மட்டும் இது" என்று சொன்னால் புரிந்துகொள்வார். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. வகுத்த சக்கர ஓரம் அது. சரிவும் வளைவும் கணக்காக இருந்தால்தான் தடம் மாறும் இடத்தில் வண்டி குதிக்காது. ஒரே ஆக்ஸிலில் உள்ள இரண்டு சக்கரங்களின் உட்பக்கத்துக்கும் உட்பக்கத்துக்கும் நடுவே 14.4 மி.மீ. வருகிறதா என்று பாருங்கள். அந்த அளவுக்கு ஒரு பித்தளைத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டால் வெர்னியரை ஒவ்வொரு தடவையும் எடுக்க வேண்டாம்.

இடது கிராங்க்குக்கும் வலது கிராங்க்குக்கும் நடுவே 90 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். நிஜ எஞ்சினில் ஒரு பக்கத்துப் பிஸ்டன் கடைசிமுனையில் நிற்கும்போது மறுபக்கம் தள்ளுவதற்காக இந்த ஏற்பாடு. மாடலில் அந்த 90 துல்லியமாக வர வேண்டுமென்று பலர் உயிரை விடுகிறார்கள். 88 வந்தாலும் ஓடும், 92 வந்தாலும் ஓடும். மூன்று ஆக்ஸிலிலும் ஒரே 88-ஆக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்தர் சொன்ன அதே ஒரே தப்பு. ஆக்ஸில் உட்காரப் பள்ளமும், இரண்டு பக்கக் கிராங்க் பின்னும் சாய்ந்து நிற்க இரண்டு முளையும் வைத்து ஓர் இரும்பு அச்சு செய்துகொண்டேன். மூன்று ஜோடியையும் அதே அச்சில் வைத்து, சக்கரத்தை லாக்டைட் பசை போட்டு அழுத்தி, விடியும் வரை தொடாமல் விட்டேன். மோட்டார் இல்லாமல் ஒரு பலகையைச் சாய்த்து அதில் விட்டால் சேஸிஸ் தன் எடையிலேயே தங்குதடை இல்லாமல் உருள வேண்டும். அதுதான் தேர்வு. உருளவில்லை என்றால் மோட்டார் போட்டு இழுக்கப் பார்க்காதீர்கள். மோட்டார் இழுத்துவிடும், ஆனால் மெதுவாகப் போகும்போது நொண்டும்.

மோட்டார் என் தொழில் என்பதால் ஒரு கணக்கு சொல்கிறேன். 60 கி.மீ. வேகம் என்பது 1:64-இல் நொடிக்கு 260 மி.மீ. நம் சக்கரத்தின் சுற்றளவு 67 மி.மீ. அப்படியென்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 232 சுற்று. எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் என்20 கியர் மோட்டாரில் 12 வோல்ட், 300 சுற்று என்று போட்டிருப்பதை வாங்கினால் போதும். முழு வோல்ட்டில் ஏறக்குறைய 77 கி.மீ.க்கு நிகரான வேகம் வரும். ஆயிரம் சுற்று மோட்டாரை வாங்கிவிட்டு, கன்ட்ரோலரைத் தொட்டாலே எஞ்சின் மேஜையை விட்டுப் பறக்கிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. என்20-இல் சத்தம் கொஞ்சம் அதிகம். அமைதியாக வேண்டுமென்றால் வார்ம் கியரும் தனி மோட்டாரும்தான், செலவும் வேலையும் கூடும். மின்சாரம் எடுப்பதற்கு எஞ்சின் ஒரு பக்கத் தண்டவாளத்திலிருந்தும் டெண்டர் மறுபக்கத்திலிருந்தும் எடுக்கிற மாதிரி அமைத்தால் உரசும் கம்பிகள் குறையும். எடைக்கு, டயர் கடையில் வீல் பேலன்சிங்குக்கு ஒட்டும் ஈயத் துண்டுகள் அருமையான பொருள். நடுச் சக்கரத்துக்கு மேலே எடை நிற்க வேண்டும்.

உடம்புக்கு வருவோம். எதையும் தகட்டில் வெட்டுவதற்கு முன் அட்டையில் வெட்டிப் பாருங்கள். எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளுக்கு இதில் ஈடு இணை கிடையாது. தடிமன், விறைப்பு, ஓரம் பிசிறாமல் வெட்டுப்படும் குணம், மூன்றும் உண்டு. முகூர்த்த மாதம் முடிந்தால் வீட்டில் குவிந்துவிடும். என் எஞ்சினின் கூண்டு முதலில் யாரோ ஒருவரின் வரவேற்பு அழைப்பிதழாக இருந்தது. அட்டையில் சரியாக வந்ததைத் தகட்டின் மேல் ஒட்டி அதன் ஓரத்திலேயே அறுக்கலாம், கோடு போட வேண்டாம்.

தகடு 26 கேஜ், 28 கேஜ் இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னது 0.45, பின்னது 0.37 மி.மீ. பக்கம் வரும். எடைக்குப் போடும் பழைய பாத்திரங்களை வெட்டிச் செய்யலாமே என்று கேட்பார்கள். பாத்திரத்தின் தகடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும், தட்டித் தட்டி விறைத்தும் போயிருக்கும். அதோடு முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்துவிட்டு வந்தால், ஒரு பழைய தவலையை வெட்ட யாருக்கும் கை வராது.

பாய்லரை உருட்டுவதற்கு முன் தகட்டைக் காய்ச்சி இளக்க வேண்டும். மங்கலான சிவப்பு வரும் வரை காய்ச்சி ஆறவிட்டால் காகிதம் மாதிரி வளையும். ஒரு குழாயின் மேல் வைத்து, அடியில் ரப்பர் விரிப்புப் போட்டு உருட்டினேன். சேரும் விளிம்பு அடிப்பக்கம் வரட்டும். பாய்லரின் மேல் நிற்கும் டோமும் புகைபோக்கியும் லேத்தில் கடைந்தவை. அவற்றின் அடிப்பாகம் பாய்லரின் வளைவுக்குச் சரியாக உட்கார வேண்டும். அரத்தால் இராவிப் பொருத்தப் பார்த்தால் ஒரு பக்கம் உட்காரும், மறுபக்கம் தூக்கும். பாய்லரின் மேலேயே எமரித் தாளைச் சுற்றி, அதன் மேல் டோமை முன்னும் பின்னும் தேயுங்கள். பாய்லரே தனக்கு வேண்டிய வளைவை அதில் வெட்டிக்கொள்ளும்.

ரிவெட் தலைகளுக்கு, மழுங்கிய முனையால் தகட்டின் பின்பக்கத்திலிருந்து ஈயப் பலகை மேல் வைத்து லேசாகத் தட்ட வேண்டும். தட்டும் சுத்தியல் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்திலிருந்து விழ வேண்டும், கையால் அது வராது. ஒரு குழாய்க்குள் சிறு எடையைப் போட்டு விழவிடுவது வழி. பத்தரிடம் கம்பியச்சு இருந்ததால் கைப்பிடிக் கம்பிகளை வேண்டிய கனத்துக்கு இழுத்து வாங்கிக்கொண்டேன். கடையில் 0.4 மி.மீ. பித்தளைக் கம்பி கேட்டால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

பற்றவைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் பாதி எஞ்சின்கள் சாகின்றன. ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் 25 வாட் அயர்ன் பித்தளைக்குப் போதாது. பித்தளை சூட்டை இழுத்துக்கொண்டே போகும், ஈயம் உருகிய இடத்தில் மட்டும் உருண்டையாக நிற்கும். அந்த உருண்டை ஒட்டியதுபோலத் தெரியும், பெயின்ட் அடித்த பிறகு உதிரும். குறைந்தது 60 வாட், பெரிய துண்டுகளுக்கு 100. நுனி அகலமாக இருக்க வேண்டும். சூட்டைக் கொடுத்துவிட்டு உடனே எடுத்துவிட வேண்டும். சிறிய அயர்னை வைத்துக்கொண்டு நெடுநேரம் காய்ச்சினால் பக்கத்தில் ஏற்கெனவே ஒட்டியது கழன்றுவிடும்.

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, பஞ்சால் ஒரு துடை. அழுக்கெல்லாம் போய் வெள்ளையாக ஈயம் பரவும். நம் வேலையிலும் அதே சூத்திரம்தான்: சுத்தம், சூடு, அப்புறம்தான் ஈயம். இரண்டு துண்டுகளின் ஓரத்திலும் முதலில் மெல்லிசாக ஈயம் பூசிவிட்டு, பிறகு சேர்த்துவைத்து அயர்னை அழுத்தினால் மயிரிழைக் கோடாக ஒட்டும். நவச்சாரத்தை நம் எஞ்சினுக்குப் போடாதீர்கள். கழுவாமல் விட்ட இடத்தில் களிம்பு பூக்கும், பெயின்ட்டுக்கு அடியிலிருந்து பச்சையாகக் கிளம்பும். பாஸ்பாரிக் அமிலம் பத்து பன்னிரண்டு சதவீதம் கலந்த பிளக்ஸ் நல்லது. அதையும் அன்றன்றைக்கே கழுவிவிட வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்கக் கூடாது.

ஒட்டியது மறுபடி கழன்றுவிடாமல் இருக்கப் பத்தர்கள் காவியைக் குழைத்து இணைப்பின் மேல் தடவுவார்கள், ஈயம் அந்தப் பக்கம் ஓடாது. ஈரத் துணியைச் சுற்றிவைத்தாலும் பலன் உண்டு. பெரிய துண்டு முதலில், சிறியது கடைசியில் என்பது பொது விதி. அசைய வேண்டிய இணைப்புகள், அதாவது வால்வு கியரின் கைகள், இன்னொரு விதம். பித்தளைக் குண்டூசியைக் கோத்து, நடுவில் எண்ணெய் தோய்த்த டிஷ்யூ துண்டு ஒன்றை வைத்து, ஊசியின் நுனியில் மட்டும் ஈயம் வைக்க வேண்டும். எண்ணெய் இருக்கிற இடத்தில் ஈயம் ஒட்டாது. பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்தால் கை தாராளமாக ஆடும்.

ராடுகளைப் பித்தளையில் செய்திருந்தால் மஞ்சளாகத் தெரியும், நிஜ எஞ்சினில் அவை இரும்பு. முலாம் போடும் கடையில் நிக்கல் முலாம் போட்டு வாங்கலாம். மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இருக்கிற ஊரில் முலாம் பற்றி நான் பாடம் எடுப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். என்னைக் கேட்டால் இரும்புப் பட்டையிலோ நிக்கல் சில்வர் என்கிற வெள்ளை உலோகக் கலவையிலோ முதலிலேயே செய்துவிடுவது உத்தமம். முலாம் பூசினால் துளை இறுகும், மறுபடி ரீமர் விட வேண்டும்.

பெயின்ட். எஞ்சினை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: சேஸிஸ், உடம்பு, டெண்டர். திருகாணி போட்டுப் பிரிக்க முடிகிற மாதிரி கட்டியிருந்தால்தான் இது நடக்கும், அதனால் அதை முதல் நாளே யோசித்திருக்க வேண்டும். கழுவுவதற்குப் புளித்தண்ணீர். குத்துவிளக்கு எதனால் பளபளக்கிறதோ அதனால்தான் இதுவும் பளபளக்கும். புளியின் அமிலம் பித்தளையின் மேல் படிந்ததைக் கரைத்து, பெயின்ட் பிடிக்க ஏற்ற பரப்பைக் கொடுக்கும். பிறகு பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பல்துலக்கும் பிரஷ்ஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்தேன். அதற்கப்புறம் விரல் படக் கூடாது. பளபளப்பைப் பார்த்து வீட்டில் எல்லோரும் தொட்டுப்பார்க்க வருவார்கள், மறைத்து வையுங்கள்.

பித்தளைக்குச் சாதாரண பிரைமர் நிற்காது, உரியும். எட்ச் பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள், கார் பெயின்ட் கடைகளில் இருக்கும். பட்டி போட்டுத் தேய்க்க வேண்டிய இடங்கள் பிரைமர் அடித்ததும்தான் கண்ணில் படும். ஏர்பிரஷ்ஷில் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், ஒரு சாண் தூரத்துக்கும் குறைவு. சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் ஒரு கஷ்டம், பெயின்ட் பரப்பைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து பொடியாக விழும். தடவிப்பார்த்தால் உப்புத்தாள். விடிகாலையில் அடிக்க வேண்டும், அல்லது மெதுவாகக் காயும் தின்னர் கலக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர்மாறு. காற்றில் உள்ள ஈரம் படிந்து கறுப்பின் மேல் வெள்ளை பூக்கும். மழை விட்ட வெயில் நாளாகப் பார்த்து அடிப்பதே நல்லது. எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் தாழ்வாரத்து ஓரம் காற்று அடங்கி, வெளிச்சம் மேலிருந்து விழும். அதுதான் என் பெயின்ட் கூடம்.

கறுப்பு எஞ்சினுக்குக் கறுப்பை அப்படியே அடிக்காதீர்கள். சிறிய பொருளின் மேல் சுத்தக் கறுப்பு ஒரு நிழல்போலத்தான் தெரியும், செய்த ரிவெட்டெல்லாம் அதில் மூழ்கிப் போகும். பத்துப் பங்கு கறுப்பில் ஒரு பங்கு வெள்ளையும் ஒரு சொட்டுப் பழுப்பும் கலந்தால் வெயிலில் நிற்கும் எஞ்சினின் கறுப்பு வரும். முன்பக்கத்துப் புகைப்பெட்டி சூட்டில் வெளுத்துச் சாம்பல் ஓடியிருக்கும், அதற்குத் தனிக் கலவை.

எண் எழுதுவதற்கு முன் பளபளப்பான வார்னிஷ் அடிக்க வேண்டும். மங்கலான பரப்பில் டீகால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய எழுத்துப் படலம், ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளித் திட்டாகத் தெரியும். ஸ்டிக்கர் கடையில் எழுத்து வெட்டித் தருவார்களா என்று கேட்டேன். 3 மி.மீ.க்குக் கீழே இயந்திரம் எழுத்தைக் கடித்துத் துப்புகிறது. எண் பலகையைக் கறுப்புப் பின்னணியோடு போட்டோ பேப்பரில் அச்சடித்து, ஓரத்தைக் கறுப்பாக்கி ஒட்டுவது சுலபமான வழி. எல்லாம் ஒட்டிய பிறகு மேட் வார்னிஷ்.

அழுக்காக்குவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. புதிதாகப் பட்டறையிலிருந்து வந்த மாதிரி வைத்துக்கொள்வது ஒவ்வொருவர் விருப்பம். ஆனால் எங்கள் பாதையில் ஓடிய எஞ்சின் என்று சொல்லிக்கொண்டு செம்மண் படாமல் வைத்தால் யார் நம்புவார்கள்? வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செம்மண்ணை இடித்து, வேட்டித் துணியில் சலித்து, மென்மையான பிரஷ்ஷால் சக்கரத்திலும் டெண்டரின் கீழ் ஓரத்திலும் தடவினேன். கடையில் விற்கும் துருப்பொடியில் இந்த நிறம் வராது. மேலே போகப் போகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், பாய்லரின் மேல் புகைக்கரி மட்டும்தான். பாய்லரின் உள்ளே கழுவுவதற்கான துளைகளின் மூடிகளுக்குக் கீழே உப்பு பூத்து வடிந்த வெள்ளைக் கோடுகள், ராடின் மூட்டுகளில் எண்ணெய்ப் பளபளப்பு. இங்கே நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடு வேண்டும். கை ஊறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு அதில் இருப்பதை மட்டும் செய்யுங்கள்.

கடைசியாகச் சேர்த்துப் பூட்டிய பிறகு முன்னே அரை மணி, பின்னே அரை மணி, பாதி வேகத்தில் சும்மா ஓடவிடுங்கள். கியர் பழகும். எண்ணெய் ஊசிமுனையில் தொட்டுவைக்கிற அளவு போதும். அதிகமானால் தண்டவாளத்துக்குப் போய்ச் சக்கரம் வழுக்கும், மின்சாரமும் ஏறாது.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நேராக எஞ்சினில் கை வைக்க வேண்டாம். முதலில் டெண்டரைக் கட்டுங்கள். பெட்டி வடிவம், ஓடும் இயந்திரம் எதுவும் இல்லை, ஆனால் ரிவெட் உண்டு, பற்றவைப்பு உண்டு, கைப்பிடி, ஏணி, பெயின்ட் எல்லாம் உண்டு. அது உங்களுக்குச் சரிப்பட்டு வந்தால் எஞ்சினும் வரும். காரைக்குடிப் பக்கம் இருக்கிறவர்கள் டெண்டர் முடிந்ததும் கடைக்கு எடுத்து வாருங்கள். சக்கரம் கோக்கும் அந்த இரும்பு அச்சு சும்மாதான் கிடக்கிறது, இரவல் தருகிறேன்.